குதிரை போன இடத்தில் ஒரு வலை: புரூக்ளின் மின்சார டிராம்களின் பாதுகாப்பு ஃபெண்டர்கள்

நிகழ்வு ஆய்வு

புரூக்ளின் நகரத்தில் 1890களில் குதிரை டிராம்கள் மின்சார டிராம்களாக மாறியபோது தெருவில் மனிதர்கள் அடிபட்டார்கள். அந்தச் சாவுகளைக் குறைக்க டிராமின் முன்னால் பொருத்தப்பட்ட ஃபெண்டர் என்ற தடுப்பு எப்படி உருவானது, ஏன் பலமுறை தோற்றது, 1908-ல் நடந்த சோதனைகளுக்குப் பிறகு என்ன மாறியது என்பதை இந்த ஆய்வு வரிசையாகச் சொல்கிறது. சம்பந்தப்பட்ட ஓட்டுநர்கள், அதிகாரிகள், அடிபட்டவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. சாலைப் பாதுகாப்பு, வாகன வடிவமைப்பு பற்றிப் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

பின்னணி

1888-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் அமைத்த மின்சார டிராம் பாதை ஓடத் தொடங்கியது. பெரிய அளவில், மேடு பள்ளமான தெருக்களில்கூட, மின்சாரத்தால் டிராம் ஓட்ட முடியும் என்று அது காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகளை லாயத்திலிருந்து வெளியே அனுப்பின.

புரூக்ளின் அப்போது நியூயார்க்கின் பகுதி அல்ல, தனி நகரம். 1898-ல்தான் இரண்டும் இணைந்தன. 1890 கணக்கெடுப்பின்படி அங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். டிராம் பாதைகளை நடத்தியவை தனியார் கம்பெனிகள். 1892 முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் நகரத்தின் பெரும்பாலான பாதைகளுக்கு மேலே மின்கம்பி வந்துவிட்டது.

தெரு மட்டும் மாறவில்லை. குழந்தைகள் விளையாடுவது தெருவில், காய்கறி வண்டி நிற்பது தெருவில், பெரியவர்கள் நின்று பேசுவதும் தெருவில். தண்டவாளம் அதே தெருவின் நடுவில், சாலையோடு சமமாகப் பதிக்கப்பட்டிருந்தது. வேலி கிடையாது, கடக்கும் இடம் என்று தனியாக எதுவும் கிடையாது. குதிரை டிராம் காலத்தில் மனிதர்கள் பழகிக்கொண்ட பழக்கம் ஒன்றுதான்: வண்டி வருகிறதா, ஒரு அடி விலகி நின்றால் போதும்.

இதில் குதிரையின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. குளம்புச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். வண்டிக்கு முன்னால் இரண்டரை, மூன்று மீட்டர் நீளத்துக்கு உயிருள்ள ஒரு விலங்கு நடக்கிறது. எதிரே ஒருவர் வந்துவிட்டால் அதுவே தயங்கும், ஒதுங்கும். ஓட்டுநர் கடிவாளத்தை இழுப்பதற்குள் குதிரை பாதி வேலையைச் செய்துவிடும். ஆக, எந்தக் கம்பெனியும் திட்டமிடாமலே ஒரு எச்சரிக்கையும் ஒரு தடுப்பும் வண்டியின் முன்னால் இருந்தன. மின்சாரம் வந்ததும் இரண்டும் போயின. மிஞ்சியது ஒரு தட்டையான முன்பலகை, அதன் கீழே இரும்புச் சக்கரங்கள்.

காணப்பட்டவை

1895-க்குள் புரூக்ளின் டிராம்களில் அடிபட்டுச் செத்தவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. கை கால் இழந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. நகரத்து மக்களுக்கு டிராலி டாட்ஜர்ஸ், அதாவது டிராமுக்குத் தப்பி ஓடுகிறவர்கள், என்ற பட்டப்பெயரே வந்தது. அவர்களுடைய பேஸ்பால் அணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் டாட்ஜர்ஸ் அணியின் பெயரில் மிஞ்சியிருப்பது அதுதான்.

ஏன் இவ்வளவு சாவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குதிரை டிராம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். மின்சார டிராம் 24 கிலோமீட்டர் வேகத்தைச் சுலபமாக எட்டும். பிரேக்கின் பிடிமானம் இரண்டிலும் ஒன்றே என்றும், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் குறைந்தால், குதிரை டிராம் ஏழு மீட்டருக்குள் நின்றுவிடும். மின்சார டிராமுக்கு 29 மீட்டர் வேண்டும். எடையும் சேர்ந்துகொள்கிறது. வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, எடை மூன்று மடங்கு என்றால், வண்டி சுமந்து வரும் இயக்க ஆற்றல் சுமார் பதினெட்டு மடங்கு.

இந்த ஆற்றலை அடக்க ஓட்டுநரிடம் இருந்தது ஒரு கைப் பிரேக். செங்குத்தான தண்டின் உச்சியில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றச் சுற்ற, கீழே சங்கிலி இறுகி, பிரேக் கட்டைகள் சக்கரத்தை அழுத்தும். ஒரு கையில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர், இன்னொரு கையில் இது, காலால் மணி. அவசரம் என்றால் மோட்டாரின் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு வண்டியைப் பின்னால் இழுக்கப் பார்ப்பார்கள். சில நேரம் ஃபியூஸ் போய்விடும். சக்கரம் பூட்டிக்கொண்டால் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், மழை நாளில் இன்னும் மோசம். அதற்காக மணல் பெட்டி வைத்திருந்தார்கள். மணல் விழுந்து பிடிமானம் கிடைப்பதற்குள் சில மீட்டர் கடந்துவிடும்.

விபத்துகளில் சில மாதிரிகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு டிராமிலிருந்து இறங்கியவர் அதன் பின்பக்கமாகச் சுற்றி, எதிர்த் திசைத் தண்டவாளத்தில் கால் வைப்பார். அங்கே வேறொரு டிராம் வந்துகொண்டிருக்கும். இரண்டாவது, தெருவில் ஓடும் குழந்தை. முன்பலகை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், மூன்று வயதுக் குழந்தையும் கிட்டத்தட்ட அதே உயரம். வண்டிக்கு மிக அருகில் வந்துவிட்ட குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாது.

மிக முக்கியமான கவனிப்பு இதுதான்: ஒரு விபத்துக்குள் இரண்டு விபத்துகள் இருந்தன. முதலில் வண்டி இடிக்கிறது, ஆள் விழுகிறார். அடுத்த விநாடியில் சக்கரம் மேலே ஏறுகிறது. முதல் இடியில் பிழைத்திருக்கக்கூடியவர்களைக் கொன்றதும் முடமாக்கியதும் பல நேரம் அந்த இரண்டாவதுதான். எனவே கேள்வியும் இரண்டாகப் பிரிகிறது. நிற்கும் மனிதரை எப்படி மெதுவாக ஏந்துவது? தரையில் கிடக்கும் மனிதரைச் சக்கரத்திலிருந்து எப்படி விலக்குவது? இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

முதல் முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

குதிரை டிராமிலேயே சக்கரங்களைச் சுற்றிப் பலகை அடிப்பது உண்டு. மின்சார டிராமிலும் முதலில் அதையே வைத்தார்கள். மெதுவாகப் போகும் வண்டியில் விழுந்தவரை அந்தப் பலகை ஓரமாகத் தள்ளும். 24 கிலோமீட்டர் வேகத்தில் அது தள்ளுவதற்குப் பதில் அடித்தது, அல்லது ஆளை அடியில் விட்டுவிட்டு மேலே போய்விட்டது.

பத்திரிகைகளும் நகர மன்றங்களும் நெருக்க, 1890களின் நடுவில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபெண்டர் வந்தது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிறோ கம்பியோ பின்னிய வலை. இடிபட்டவரின் கால் வாரப்பட்டு, அவர் வலைக்குள் மல்லாந்து விழ வேண்டும் என்பது எண்ணம். ஃபெண்டருக்கென நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் பதிவாயின. தச்சர்கள், கொல்லர்கள், கடைக்காரர்கள், டிராம் ஊழியர்கள் என்று யார் யாரோ வடிவமைத்தார்கள். காகிதத்தில் எல்லாமே வேலை செய்தன.

ஏன் பிரேக்கை விட்டுவிட்டு ஃபெண்டருக்குப் போனார்கள்? வேகத்தைக் குறைப்பது கம்பெனிகளுக்குப் பிடிக்காத பேச்சு. வேகத்துக்காகத்தான் மின்சாரத்தில் பணம் போட்டிருந்தார்கள். அதே எண்ணிக்கை வண்டியில் அதிக நடை ஓட்டலாம், தூரத்துப் புறநகர்களை இணைக்கலாம். நல்ல பிரேக் என்றால் ஒவ்வொரு வண்டியின் அடிப்பாகத்தையும் மாற்ற வேண்டும். ஃபெண்டரோ வெளியே நான்கு போல்ட்டில் மாட்டக்கூடியது, செலவு குறைவு, எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நகர மன்றம் உத்தரவு போட்டதற்குச் சாட்சியாகவும் நிற்கும். என் கணிப்பில் இந்தக் கண்ணுக்குத் தெரியும் தன்மைதான் அதைத் தேர்ந்தெடுக்க வைத்தது. ஆளைப் பிடிக்கும் கருவி பற்றி நடந்த விவாதத்தில், வண்டி நிற்க எவ்வளவு தூரம் ஆகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

ஓட்டுநர்களின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். 1895 ஜனவரியில் புரூக்ளின் டிராம் ஊழியர்கள் கூலி, வேலை நேரம் ஆகியவற்றுக்காகப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் வெளியூர்களிலிருந்து புது ஆட்களைக் கொண்டுவந்து வண்டி ஓட்டின, காவலுக்கு மாநிலப் படை வந்தது. அட்டவணை தவறினால் திட்டு விழும் வேலை. பழக்கமில்லாத கை. திறந்த மேடையில் குளிரில் நின்றபடி வண்டி ஓட்ட வேண்டும். இவ்வளவும் சேர்ந்த ஒரு மனிதர்தான் கடைசி நொடியில் ஒரு மிதியை அழுத்தி ஃபெண்டரைத் தரைக்கு இறக்க வேண்டும் என்று பல வடிவமைப்புகள் எதிர்பார்த்தன. அதே நொடியில் அவர் மணியடிக்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்த வேண்டும், பிரேக்கைச் சுற்ற வேண்டும். மிதியை மறந்தவரைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நீட்டிய ஃபெண்டர் தெருவில் என்ன ஆனது

அன்றைய சிறிய டிராமுக்கு நடுவில் இரண்டே அச்சுகள், அவற்றுக்கு இடையே ஏறக்குறைய இரண்டு மீட்டர். வண்டியின் உடல் இரண்டு பக்கமும் நீண்டு தொங்கும். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஓடும்போது மூக்கு ஏறி இறங்கும். இப்போது முன் அச்சிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஃபெண்டரின் நுனி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் ஸ்பிரிங் இரண்டு சென்டிமீட்டர் அமுங்கி, பின் ஸ்பிரிங் இரண்டு சென்டிமீட்டர் எழும்பினால் போதும், நுனி எட்டு சென்டிமீட்டர் கீழே போய்விடும். ஆட்டம் மறுபக்கம் திரும்பினால் அதே அளவு மேலே. மொத்தம் பதினாறு சென்டிமீட்டர்.

அப்படியானால் ஃபெண்டரை எந்த உயரத்தில் பொருத்துவது? தாழ்வாக வைத்தால் நுனி சாலைக் கற்களில் மோதி வளையும், சாக்கடை மூடியில் மாட்டும், தண்டவாளம் பிரியும் இடத்தில் இடிக்கும். உயர்த்தி வைத்தால் வண்டி மூக்கு தூக்கும் தருணத்தில் கீழே இருபது சென்டிமீட்டருக்கும் மேல் இடைவெளி. தரையில் விழுந்த குழந்தை அதற்குள் தாராளமாகப் போய்விடும். கம்பெனி ஊழியர்கள் பழுது பார்க்கும் தொல்லையைக் குறைக்க உயர்த்தி வைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. வளைந்த ஃபெண்டர் அவர்கள் கண்ணெதிரே தினமும் வந்தது, குழந்தை என்றைக்கோ ஒருநாள்தான் வந்தது.

நிற்கும் மனிதரை ஏந்துவதிலும் சிக்கல். 24 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒருவரைத் தன் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருபது சென்டிமீட்டர் நெகிழ்ந்துகொடுக்கும் வலை என்றால் உடல் தாங்க வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் பதினோரு மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே நெகிழும் என்றால் நாற்பதைத் தாண்டிவிடும். முன் விளிம்பில் இரும்புக் குழாய் எந்த உறையும் இல்லாமல் நின்றால் கீழ்க்கால் எலும்பும் முழங்காலும் அங்கேயே முறியும். வளர்ந்தவரின் முழங்காலுக்குக் கீழே படும் அதே குழாய் சிறு குழந்தைக்கு இடுப்பில் படும். வளர்ந்தவர் வலைக்குள் விழுவார், குழந்தை முன்னால் தள்ளிவிடப்பட்டுத் தரையில் விழும். அப்புறம் மேலே சொன்ன இருபது சென்டிமீட்டர் இடைவெளி காத்திருக்கிறது. வலையில் விழுந்தவரின் தலை பின்னால் போய் முன்பலகையில் மோதுவதும் உண்டு.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைவில் திரும்பும்போது நீட்டிய நுனி தண்டவாளத்தைவிட்டு வெளியே வீசி, ஓரத்தில் நிற்பவர்களை இடித்தது. முன்னால் போகும் குதிரை வண்டியின் சக்கரத்தில் சிக்கியது. இரண்டு முனையிலிருந்தும் ஓட்டக்கூடிய வண்டி என்பதால் பாதை முடியும் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மடக்கி இன்னொன்றை விரிக்க வேண்டும். பணிமனையில் இடம் போதவில்லை. பனிக்காலத்தில் வலையில் பனி அடைத்துக்கொண்டது.

இன்னொரு கரையில்: தட்டும் கதவும்

பிரிட்டனில் மின்சார டிராம் சற்றுத் தாமதமாகவே பரவியது. கிளாஸ்கோவில் 1898, மான்செஸ்டரில் 1901, லண்டன் மாவட்ட மன்றத்தின் பாதைகளில் 1903. பாதைக்கு அனுமதி தரும் முன் அரசின் வணிக வாரியத்தின் ஆய்வு அதிகாரிகள் நேரில் வந்து வண்டியையும் பாதையையும் பார்ப்பார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு வேகம் என்பதையும் அவர்களே விதிப்பார்கள்.

அங்கே வேரூன்றிய கருவி வேறு மாதிரியானது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஹட்சன் அண்ட் பௌரிங் நிறுவனத்தின் லைஃப் கார்டு (உயிர்க்காப்பு) அதில் பெயர்பெற்றது. வண்டியின் முன்னால் எதுவும் நீட்டாது. மேடைக்கு அடியில், முன்விளிம்பையொட்டி, கீல் வைத்த ஒரு மரச்சட்டக் கதவு தொங்கும். அதற்குச் சற்றுப் பின்னால், சக்கரத்துக்கு முன்பாக, மரச்சட்டங்களால் ஆன ஒரு தட்டு தரையிலிருந்து தூக்கிக் கட்டப்பட்டிருக்கும். தரையில் கிடக்கும் உடல் கதவைத் தொட்டதும் கதவு பின்னால் சாயும். அந்த அசைவு கொக்கியை விடுவிக்க, தட்டு தரையில் விழுந்து, முறத்தால் வாருவதுபோல ஆளை வாரி எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் காலால் மிதித்தும் இறக்கலாம், ஆனால் அவர் மறந்தாலும் கருவி வேலை செய்யும்.

இதில் மூன்று விஷயங்கள் சரியாக அமைந்தன. தட்டு சக்கரத்துக்கு மிக அருகில் இருப்பதால் வண்டியின் மூக்கு ஆட்டம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. சாதாரண நேரத்தில் உயரத்தில் இருப்பதால் சாலையில் இடிக்காது, தேவைப்படும்போது மட்டும் தரையைத் தொடும். தூண்டுவது ஆளின் உடலே என்பதால் ஓட்டுநரின் பதற்றம் குறுக்கே வருவதில்லை. நின்றிருப்பவரை முதலில் இடிக்கும் இடிக்கு மட்டும் இது எந்தப் பதிலும் சொல்லவில்லை.

தெருவில் எறிந்த காகித உருண்டைக்கும் குப்பைக்கும் தட்டு விழுந்துவிடும் தொல்லையும் இருந்தது. அதனால் எரிச்சலடைந்து கொக்கியை இறுக்கிவைத்தால் உண்மையான தேவையில் அது விழாது. கதவின் எடை, கொக்கியின் இறுக்கம், தட்டின் சாய்வு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

1908: பொம்மைகளை வைத்துச் சோதனை

1907-ல் நியூயார்க் மாநிலம் பொதுச் சேவை ஆணையத்தை அமைத்தது. நியூயார்க் நகரத்துக்கென்று ஒரு பிரிவு, அதன் வரம்புக்குள் புரூக்ளினும் வந்தது. அதற்கு முன் ஃபெண்டர் விவகாரம் ஒவ்வொரு கம்பெனியின் சொல்லுக்கும் ஒவ்வொரு கண்டுபிடிப்பாளரின் சொல்லுக்கும் இடையே மாட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி தன் ஃபெண்டர் நல்லது என்றது. விற்பவர் தன்னுடையதுதான் நல்லது என்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது அளவுகோல் கிடையாது. உண்மையான விபத்துகளை வைத்தும் தீர்மானிக்க முடியவில்லை. வேகம் வேறு, சாலை வேறு, விழுந்த விதம் வேறு.

ஆணையம் எடுத்த முடிவு எளிமையானது: கருவிகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே நிலைமையில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது. 1908-ல் ஸ்கெனெக்டடியிலும் பிட்ஸ்பர்கிலும் சோதனைகள் நடந்தன. மின்சார வண்டித் தொழிலின் இரண்டு பெரிய நிறுவனங்களான ஜெனரல் எலெக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும் இருந்த ஊர்கள் அவை. ஆண், பெண், குழந்தை அளவில் பொம்மைகள் செய்து தண்டவாளத்தின் நடுவில் நிறுத்தியும் கிடத்தியும் வைத்து, வண்டியை ஓட்டி என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள்.

இந்தச் சோதனையின் அமைப்பே பாதி விடையைச் சொல்லிவிட்டது. நிற்கும் பொம்மை, கிடக்கும் பொம்மை என்று பிரித்ததும், நீட்டிய ஃபெண்டரும், வண்டிக்கு அடியில் சக்கரத்துக்கு முன்னால் வைக்கும் சக்கரக் காப்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பது கண்முன் வந்தது. ஒரு ஃபெண்டர் நல்லதா என்று கேட்டால் ஓயாத வாதம். கிடக்கும் குழந்தையளவு பொம்மையை இந்த வேகத்தில் சக்கரத்திலிருந்து காக்கிறதா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை. அதிகாரிகள் கேள்வியை மாற்றியதுதான் இந்த முழு நிகழ்விலும் மிகப் பயனுள்ள முடிவு என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணத்துக்காகவும் இது நினைவில் வைக்கத்தக்கது. வாகனம் மோதினால் மனித உடலுக்கு என்ன ஆகும் என்பதைப் பொம்மைகளை வைத்து, அரசு அமைப்பு ஒன்று, விற்பனையாளர் அல்லாத நிலையில் நின்று சோதித்தது. கார்களுக்கு இது வழக்கமாவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால் நடந்தது.

தொடர்ந்து நடந்தவை

அடுத்த ஆண்டுகளில் நகரத்து வண்டிகளின் அடியில் தானாக விழும் சக்கரக் காப்பு வழக்கமாகிவிட்டது. நெரிசல் மிகுந்த தெருக்களில் நீட்டிய ஃபெண்டர் மெல்ல ஒதுங்கியது. ஆனால் சாவுகள் குறைந்ததற்குக் காப்பு மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 1900-ஐ ஒட்டிக் காற்றுப் பிரேக் பெரிய வண்டிகளுக்கு வந்தது. தண்டவாளத்தையே பிடித்துக்கொள்ளும் காந்தப் பிரேக்கும் வந்தது. ஓடும் வண்டியில் ஏறி இறங்கும் பழக்கத்தை, மூடிய கதவுகளும் ஏறும்போதே கட்டணம் வாங்கும் முறையும் குறைத்தன. மக்களும் மெல்ல மின்சார டிராமின் வேகத்துக்குப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தைப் பலர் உயிர் கொடுத்துக் கற்றார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பிரேக் பற்றிய கேள்வி முழுமையாகக் கேட்கப்பட்டது 1929-க்குப் பிறகுதான். டிராம் கம்பெனிகளின் தலைவர்கள் கூடி அமைத்த குழு புதிய வண்டி ஒன்றை அடிப்படையிலிருந்து ஆராய்ந்தது. வண்டிக்குள் நிற்கும் பயணி தடுமாறாமல் எவ்வளவு வேகமாக முடுக்கலாம், எவ்வளவு வேகமாக நிறுத்தலாம் என்பதையே அளந்து பார்த்தார்கள். முன்னால் கடுமையான பிரேக் போட்டால் உள்ளே நிற்பவர் விழுந்து அடிபடுவார். தெருவில் இருப்பவரைக் காப்பதற்கும் உள்ளே இருப்பவரைக் காப்பதற்கும் இடையே ஒரு கணக்கு உண்டு, அதை எண்களாக்கிப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த வண்டி 1936-ல் சேவைக்கு வந்தபோது முதலில் வாங்கிய இடங்களில் புரூக்ளினும் ஒன்று. மோட்டார் வழியே ஒரு பிரேக், சக்கரத்தில் ஒன்று, தண்டவாளத்தில் காந்தப் பிரேக் என்று மூன்று இருந்தன. புரூக்ளினின் கடைசி டிராம் 1956 அக்டோபரில் நின்றது.

நம் பக்கத்திலும் இதன் சுவடு உண்டு. சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 வரை ஓடியது. கல்கத்தாவில் 1902-ல் வந்தது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு தடுப்பு அங்கே டிராம்களில் இருந்தது. 1954 அக்டோபரில் அங்கே தெருவைக் கடந்த வங்கத்தின் பெரிய கவிஞர் ஒருவர் டிராமில் அடிபட்டு, அந்தத் தடுப்பில் சிக்கி உடல் நசுங்கி, எட்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். சக்கரம் ஏறாமல் தடுப்பது வேறு, உடல் சிதையாமல் ஏந்துவது வேறு என்ற அந்தப் பழைய பிரிவினை, சோதனை நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் அப்படியே நின்றது. ஐரோப்பியத் தர அமைப்பு டிராம்களின் முன்பக்க வடிவத்துக்கென்று தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது 2020-ல்.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலாவது, காலம். புரூக்ளின் வண்டிகள் பெருமளவில் மாறியதற்கும் பொதுச் சோதனை நடந்ததற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் உள்ளன. பொம்மை செய்யவும் தண்டவாளத்தில் வைக்கவும் 1908-ல் மட்டுமே கிடைத்த அறிவு எதுவும் தேவைப்படவில்லை. 1893-லேயே முடிந்திருக்கும். மேலே நான் போட்ட கணக்குகளும் அன்றைய பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. சோதிக்கும் பொறுப்பு யாருடையது என்பது மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. பாதைக்கு உரிமம் தரும்போதே, மின்கம்பி போடுவதற்கு முன்பே, அந்தப் பொறுப்பை எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, வரிசை. முதலில் வேகம், அடுத்து பிரேக், அதன் பிறகு சக்கரக் காப்பு, கடைசியாக முன் வலை என்று போயிருக்க வேண்டியது நேர் தலைகீழாகப் போனது. மணிக்கு 24 கிலோமீட்டரிலிருந்து 16 ஆகக் குறைத்தால், அதே கைப் பிரேக்கோடு, நிற்கும் தூரம் 29 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 14 மீட்டராகும். கருவிக்கென்று ஒரு பைசா செலவில்லாத மாற்றம். கடைத்தெருவிலும் பள்ளிக்கூடம் இருக்கும் தெருவிலும் மட்டுமாவது இதைச் செய்திருக்கலாம்.

மூன்றாவது, பதிவு. செத்தவர்களின் கணக்கு இருந்தது, அது பத்திரிகையில் வந்தது. ஃபெண்டர் விழ வேண்டிய நேரத்தில் விழுந்ததா, எந்த உயரத்தில் கட்டியிருந்தது, ஆள் நின்றாரா கிடந்தாரா, வண்டி எத்தனை மீட்டர் தாண்டி நின்றது ஆகிய நான்கையும் ஒவ்வொரு விபத்திலும், ஆள் பிழைத்த விபத்திலும்கூட, ஒரே படிவத்தில் எழுதியிருந்தால் ஓரிரு ஆண்டுகளிலேயே வடிவமைப்பாளர்களுக்குப் பாதை தெரிந்திருக்கும். வழக்குக்குப் பயந்து கம்பெனிகள் எழுதாமல் விட்டிருக்கும் என்பதால், எழுதுகிறவர் கம்பெனிக்கு வெளியே இருந்திருக்க வேண்டும்.

நான்காவது, பராமரிப்பு. தானாக விழும் தட்டின் கொக்கி துருப்பிடித்தால் அது வெறும் பலகை. வண்டி தினமும் காலை பணிமனையைவிட்டுக் கிளம்பும் முன் கதவைக் கையால் தள்ளித் தட்டு விழுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சக்கரம் தேயத் தேய வண்டியே தாழும், தட்டின் உயரமும் மாறும், ஆகவே தரை இடைவெளியை அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். இதைச் செய்யும் ஆளுக்கு, தட்டு விழாத வண்டியை வெளியே அனுப்ப மறுக்கும் அதிகாரமும், மறுத்ததற்காக அன்றைய கூலி வெட்டப்படாது என்ற எழுத்துப்பூர்வமான உறுதியும் வேண்டும்.